தாகம் தீர்த்த பத்தொன்பது வரி

ஏழுசுனை என்று பேர், ஒரு சுனையும் கிடையாது. எட்டு நாளைக்கு ஒருமுறை கூட்டுக் குடிநீர்க் குழாயில் வருகிற தண்ணீர்தான் ஊருக்கு. அது எந்தத் தெருவுக்கு எந்த நேரத்தில் வரும் என்று தெரியாமல், பெண்கள் தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுக் குடத்தை வரிசையில் வைத்து, வரிசைக்குச் சண்டை போட்டு, சண்டை முடிவதற்குள் தண்ணீர் நின்றுபோய், மறுபடி எட்டு நாள் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தை முடித்துவைத்தவள் பேச்சியம்மாள். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். ஒருத்தரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பேச்சிக்குப் பதினெட்டு வயது. பதினொன்றாம் வகுப்பில், வாத்தியார் ஒரே கணக்கை மூன்றாம் தடவை போட்டுக்கொண்டிருந்தபோது பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தவள் திரும்பிப் போகவில்லை. பேரூராட்சி அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே அலமாரியில் ‘பேசிக்’ என்கிற கம்ப்யூட்டர் மொழிக்குக் கரையான் பாதி தின்ற புத்தகம் ஒன்று கிடைத்தது. தின்னாத பாதியைப் படித்து, தின்ற பாதியைத் தானே யூகித்து, ஒரு புரோகிராம் எழுதினாள். தெருக்களுக்குப் போகிற குழாய்களின் மோட்டார் வால்வுகளை அது திறக்கும், மூடும். திறக்க அரை மணி நேரத்துக்கு முன்னால் அந்தத் தெருக்காரர்களின் போனுக்குச் செய்தி அனுப்பும். அவ்வளவுதான்.

அதைப் பார்க்கச் சகிக்காது. நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு வரி. மேட்டுத்தெருவுக்குத் தண்ணீர் ஏற நேரமாகும், பன்னிரண்டு நிமிஷம் கூட விடு. ஏழாம் நம்பர் வால்வு செவ்வாய்க்கிழமை மட்டும் என்ன கோபத்திலோ இறுகிக்கொள்ளும், மூன்று தடவை திற. பள்ளிவாசல் தெருவுக்கு நோன்பு மாதத்தில் விடிவதற்கு முன்னால் விடு. காளியம்மன் கொடைத் திருவிழா என்றால் எல்லாவற்றையும் மறந்துவிட்டு வடக்குத் தெருவுக்கு மட்டும் விடு. ஒவ்வொரு வரியும் ஒரு சண்டையில் பிறந்த வரி. எந்த வரிக்கு அடுத்து எந்த வரி என்று ஒழுங்கு கிடையாது, அங்கிருந்து இங்கே தாவும், இங்கிருந்து அங்கே தாவும். ஆனாலும் தண்ணீர் வந்தது.

அப்படி இருக்கையில்தான் இளவெயினி ஊருக்குத் திரும்பி வந்தாள்.

மறைக்க ஒன்றுமில்லை, பேச்சிக்கு இளவெயினி மேல் பொறாமை, ஆறு வயதிலிருந்து. இளவெயினி பேச்சியின் அத்தை மகள், இரண்டு வயது மூத்தவள், அதனால் மதினி. அவளுடைய அப்பா தமிழ் வாத்தியார், பழைய ஏட்டில் தேடிப் பேர் வைத்தார்; பேச்சியின் அப்பா குலதெய்வத்துக்கு நேர்ந்திருந்தார், அதனால் பேச்சியம்மாள். மதினிக்குக் கையெழுத்து முத்து முத்தாக வரும். மதினிக்குப் பின்னல் நெளியாமல் விழும். மதினிக்குச் சின்னதாகிப்போன பாவாடைகளை அத்தை துவைத்து மடித்துப் பேச்சிக்குக் கொடுத்தனுப்புவாள், பேச்சி அதைப் போட்டுக்கொண்டு போனால் ஊரில் நாலு பேராவது இது இளவெயினி பாவாடை இல்லையா என்று கேட்பார்கள். டிப்ளமோ படித்து, பெங்களூரில் ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டு, அங்கே எல்லாரும் அசிங்கமாக எழுதுகிறார்கள் என்று வேலையை விட்டுவிட்டு வந்தாளாம். இதற்கெல்லாமா வேலையை விடுவார்கள் என்று பேச்சிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புக்கு அடியில் எரிந்தது.

வந்த மூன்றாம் நாள் மதினி அலுவலகத்துக்கு வந்து, பேச்சியின் தோளுக்கு மேலே குனிந்து திரையைப் பார்த்தாள்.

“ஏ பேச்சி, இது புரோகிராமா, பழைய வேட்டியில போட்ட ஒட்டா?”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னாள், அதுதான் பேச்சிக்கு வலித்தது. ஒரே வாரத்தில் மதினி தன்னுடைய மொழியில் இன்னொன்று எழுதிக்கொண்டு வந்தாள். அந்த மொழியில் ஒரு பேருக்கு ஒரு பொருள் கொடுத்தால் கொடுத்ததுதான், பின்னால் மாற்ற முடியாது. சொன்ன சொல் மாறாத மொழி என்று செயல் அலுவலர் அம்மாவிடம் சொன்னாள், அந்த அம்மாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. மொத்தமே பத்தொன்பது வரி. அறுபது நாள் மதினியின் புரோகிராம் ஓடட்டும், அறுபதாம் நாள் பேரூராட்சி மன்றம் கூடி எது வேண்டுமோ அதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுவது என்று முடிவானது. பேச்சி உலகத்தில் செய்த ஒரே பொருள் அந்த நாலாயிரத்துச் சொச்சம் வரி. வேறு எதையும் அவள் முடித்ததில்லை, பள்ளிக்கூடத்தைக்கூட.

முதல் நாள் காலை பத்து மணிக்கு, வால்வுக்கு எண்ணெய் விடுகிற சங்கரலிங்கம் கையில் தண்ணீர் பாட்டிலோடு உள்ளே வந்து, திரையில் இருந்த பத்தொன்பது வரியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே பாட்டிலை மூடிக் கீழே வைத்தார். தாகம் தீர்ந்துவிட்டது என்றார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் தெரியாது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை போலிருக்கிறது. அடுத்து செயல் அலுவலர் அம்மா பார்த்தார், அவருக்கும் தீர்ந்தது. வீட்டு வரி கட்ட வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், தீர்ந்தது. மறுநாள் அதே நேரம்வரை ஒருத்தருக்கும் நாக்கு வறளவில்லை. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, மறுநாள் காலை அலுவலக வாசலில் குடம் இல்லாத வரிசை நின்றது.

ஊர் அதைப் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் வேன் அலுவலக வாசலில் ஒரு நிமிஷம் நின்று போவது என்று ஆனது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பிரேயர் முடிந்ததும் வரிசையாகக் கூட்டிவந்து காட்டினார்கள். அச்செடுத்துக் கொடுத்தால் வேலை செய்தது, ஜெராக்ஸ் எடுத்தால் பாதித் தாகம்தான் தீர்ந்தது, ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தால் தொண்டையில் ஒரு மாதிரி கரகரப்பு. கல்யாணத்தில் வரவேற்புத் தட்டில் சந்தனத்துக்கும் கற்கண்டுக்கும் நடுவே ஒரு அச்சுத்தாள் வைத்தார்கள். நோன்பாளிகள் அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம் என்று ஜமாஅத்தில் சொல்லிவிட்டார்கள். ஆட்டுக்குக் காட்டிப் பார்த்தார்கள், ஆடு தாளைத் தின்றுவிட்டது. அதற்கும் தாகம் தீரத்தான் செய்தது, ஆனால் அது தாளைப் பார்த்ததாலா தின்றதாலா என்று டீக்கடையில் இரண்டு நாள் பேச்சு. டீக்கடைக்காரருக்கு நஷ்டமில்லை, டீயை யார் தாகத்துக்குக் குடிக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் மட்டும், தாகம் இல்லாவிட்டாலும் மூன்று வேளையும் ஒரு சொம்பு குடித்தே தீரவேண்டும், இல்லையென்றால் கல் அடைக்கும் என்று மைக் கட்டிச் சொல்லிப் பார்த்தாள். காலையில் மாத்திரை முழுங்குவதுபோல ஒரு சொம்பைக் கண்ணை மூடிக்கொண்டு முழுங்கினார்கள், மற்ற இரண்டு வேளையை மறந்தார்கள்.

பேச்சி பார்க்கவில்லை. திரை இருந்த அறைக்குள்ளேயே போகவில்லை, முன்னறையில் பிறப்புச் சான்றிதழ் தட்டிக்கொண்டிருந்தாள். யாராவது அச்சுத்தாளை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊர் அறியத் தாகமெடுத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒரே ஆள் அவள்தான், பெரிய பிளாஸ்டிக் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள், பார்த்தவர்கள் சீக்காளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். பிடிவாதம்தான், வேறென்ன. வெயில் ஏற ஏற, மதினி மேல் எரிச்சல் ஏற ஏற, தாகமும் ஏறியது, ஒரு நாளைக்கு ஏழு லிட்டர் குடித்தாள், குடித்தும் அடங்கவில்லை.

இதில் அவளை அதிகம் அரித்தது வேறொன்று. மதினியின் பத்தொன்பது வரியும் தெருக்களை ஒரு வட்டமாக வைத்து எல்லாத் தெருவுக்கும் சரியாக நாற்பது நிமிஷம் விட்டது. எல்லாருக்கும் ஒரே நீதி, கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மேட்டுத்தெருவில் தண்ணீர் மேடேறி வருவதற்கே முப்பது நிமிஷம் ஆகும், மிச்சம் பத்து நிமிஷத்தில் என்ன வரும், பென்சில் தடிமனுக்கு ஒழுகும். முன்பென்றால் மேட்டுத்தெருக்காரர்கள் அலுவலகத்தையே பெயர்த்திருப்பார்கள். இப்போது தாகம் இல்லை, ஆகவே கோபமும் இல்லை. தாகம் இல்லாததால் தண்ணீர் ஒழுங்காக வருகிறது என்று ஊர் நினைத்துக்கொண்டது. அடுக்குப் பானைகளைக் கவிழ்த்து வைத்தார்கள், சமையலுக்கும் துவைக்கவும் போக மிச்சம் பிடித்து வைப்பதையே விட்டார்கள். பேச்சி சங்கரலிங்கத்திடம் சொன்னாள். அவர், உனக்குப் பொறாமை தாயி, என்றார். அதுவும் உண்மை, இதுவும் உண்மை. இரண்டும் ஒரே வாயில் இருந்தால் யாரும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்.

ஐம்பத்து நாலாம் நாள் காலையில் மேட்டுத்தெருவில் பதினாலாம் நம்பர் வீட்டில் கருத்தப்பாண்டி செத்துப்போனார்.

ஏழுசுனையில் இதற்கு ஒரு முறை உண்டு. இழவு விழுந்தால் முறைநாள் பார்க்காமல் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் திறக்கவேண்டும். செத்தவரை அவருடைய தெருக்குழாய்த் தண்ணீரில்தான் குளிப்பாட்டவேண்டும், அடுத்த தெருத் தண்ணீர் பட்டால் போகிறவருக்கு வழி தப்பிவிடும். சுடுகாடு போய் வந்தவர்கள் தலைமுழுகவும் அதே தண்ணீர்தான். மேட்டுத்தெருவின் முறைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. தெருவில் எந்த வீட்டிலும் ஒரு குடம்கூட மிச்சம் பிடித்து வைத்திருக்கவில்லை. மோட்டார் வந்த பிறகு வால்வுகளின் கைச்சக்கரத்தையெல்லாம் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டது, கையால் திறக்கவும் வழியில்லை.

கருத்தப்பாண்டியின் மகள் முத்துராக்கு முதலில் மதினியிடம் போனாள். மதினி உடனே வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழவில்லை. சொன்ன சொல் மாறாத மொழியில் வட்டத்தை நடுவில் வெட்டவேண்டும் என்றால் எல்லா வரியையும் முதலிலிருந்து நினைக்கவேண்டும். ஒரு வரியை நகர்த்தினால் பதினெட்டும் நகர்ந்தன. ஒன்றரை மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்து, நாலு நாள் கொடுங்கள், அழகாகவே செய்துவிடலாம் என்றாள்.

“நாலு நாளா,” என்றாள் முத்துராக்கு. “எங்கய்யா நாலு நாள் இருப்பாரா தாயி?”

சொல்லிவிட்டு அவள் முன்னறைக்குத் திரும்பி, பேச்சியைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். பேச்சிக்கு அந்த நிமிஷம் இனித்தது, சொன்னால் அசிங்கம், ஆனால் இனித்தது. வெளியே பந்தல் போட்டு ஒரு மனிதர் குளிக்காமல் கிடக்கிறார், இவளுக்கு உள்ளே பாயசம். அவளுடைய புரோகிராமில் இழவு என்று தட்டித் தெருவையும் வீட்டு நம்பரையும் போட்டால் போதும், மற்றத் தெருக்கள் ஒரு மணி நேரம் தள்ளிக்கொள்ளும், அவர்களுக்குச் செய்தியும் போய்விடும். அது ஒரு பழைய சண்டையில் பிறந்த வரி. அதை ஓட்டுவதற்கு முன்னால் மதினியுடையதை மூடவேண்டும். மூடுவதற்கு அந்த அறைக்குள் போகவேண்டும்.

போனாள். பார்க்காமல் மூடிவிடலாம் என்றுதான் போனாள். கண் கேட்கவில்லை.

ஊரில் எல்லாரும் பார்த்தார்கள், பேச்சி படித்தாள். முதல் வரி ஒரு தெருவைச் சொன்னது, தெரு தன் நேரத்தைச் சொன்னது, நேரம் அடுத்த தெருவைச் சொன்னது, எட்டாம் நாளின் கடைசித் தெரு முடிகிற இடத்தில் முதல் நாளின் முதல் தெரு தானாகத் திறந்துகொண்டது. நடுவில் ஒரு வரி தன்னையே கூப்பிட்டது, கூப்பிட்ட குரலுக்குத் தானே வந்து நின்றது, வந்த சுவடு தெரியாமல் போனது. இரண்டு வரிக்கு நடுவே ஒரு எறும்பு நுழைய இடமில்லை. எடுக்க ஒரு எழுத்தில்லை, சேர்க்கவும் இல்லை. ஐம்பத்து நாலு நாளாக அவள் தொண்டையில் கிடந்த வறட்சி அடியிலிருந்து நனைந்துகொண்டு வந்தது, இதற்குத்தான் ஊர் வரிசையில் நின்றதா, நின்றது நியாயம்தான் என்று நினைத்தாள், கூடவே இதை நான் எழுதியிருக்கவேண்டும், நான், இவள் இல்லை, நான் என்று நினைத்தாள், நினைத்தபோது கண் நிறைந்துவிட்டது. பதினொரு நிமிஷம் அப்படி உட்கார்ந்திருந்தாள். வெளியே முத்துராக்கு காத்திருந்தாள்.

பிறகு மூடினாள். தன்னுடையதைத் திறந்தாள். இழவு என்று தட்டினாள், மேட்டுத்தெரு, பதினாலு என்று தட்டினாள்.

மேட்டுத்தெருவில் தண்ணீர் வந்த அதே நேரத்தில் ஊர் முழுக்கத் தாகமும் வந்தது. ஐம்பத்து நாலு நாள் தாகம் வட்டியும் முதலுமாக வந்தது. பஸ் கண்டக்டர் விசிலடித்து வண்டியை ஓடைப்பாலத்திலேயே நிறுத்திவிட்டு இறங்கி ஓடினார். தீப்பெட்டி ஆபீசில் குச்சியைப் போட்டுவிட்டு எழுந்தார்கள். இழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாரடிப்பதை நிறுத்திவிட்டு வரிசையில் நின்று குடித்தார்கள், அழுகை அதற்குப் பிறகு இன்னும் நன்றாக வந்தது. கருத்தப்பாண்டி முறைப்படி குளித்துப் போனார். மதினி தன் புரோகிராமை மறுபடி திறந்து காட்டினாள்; அதே பத்தொன்பது வரி, ஒரு புள்ளி மாறவில்லை, ஆனால் பார்த்தவர்களுக்குத் தொண்டை தொண்டையாகவே இருந்தது.

ஊர் இதையும் லேசாக எடுத்துக்கொண்டது. பேச்சி கண் பட்டுவிட்டது என்றார்கள். கொள்ளிக்கண், பதினொரு நிமிஷம் வைத்த கண் வாங்காமல் பார்த்தாளாம், பச்சை மரமே பட்டுப்போகுமே, பத்தொன்பது வரி எம்மாத்திரம். செயல் அலுவலர் அம்மா உப்பும் மிளகாயும் வரவழைத்துக் கம்ப்யூட்டருக்குச் சுற்றிப் போடச் சொன்னார். மிளகாய் நெடியில் எல்லாரும் இருமினார்கள், தாகம் கூடியதுதான் மிச்சம். கண் பட்டதா என்று பேச்சியைக் கேட்டிருந்தால் இருக்கலாம் என்றுதான் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் மதினி வந்து பேச்சியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள், பேச்சியின் பாட்டிலை எடுத்தாள், மூச்சுவிடாமல் பாதியைக் குடித்தாள்.

“எனக்கு ஒரு நாளும் தீரல பேச்சி. எழுதுனவளுக்கு அது வேலை செய்யல. எல்லாரும் வந்து தாகம் தீந்துச்சு, தீந்துச்சுன்னு சொல்லுவாங்க. நான் வீட்டுக்குப் போயி கதவச் சாத்திக்கிட்டுக் குடிப்பேன்.”

பேச்சி பாட்டிலை வாங்கி மூடினாள். தனக்குத் தீர்ந்தது என்று சொல்லியிருக்கலாம். கொடுக்க மனசில்லை.

உன்னுடையதைக் காட்டு, முழுதும் படிக்கிறேன் என்றாள் மதினி. மூன்று மத்தியானம் படித்தாள். படிக்கப் படிக்க அவளுக்கு நாக்கு வறண்டது, நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு வரியில் ஒரு வரியும் ஒரு சொட்டுத் தாகத்தைக்கூடத் தீர்க்கவில்லை, ஆயிரத்துக்கு ஒரு சொம்பு என்று குடித்தாள். அங்கங்கே பேச்சி தனக்கு மறந்துபோகாமல் இருக்கத் தமிழில் குறிப்பு எழுதி வைத்திருந்தாள். வரியின் தலையில் ஒற்றைக் கோடு போட்டுவிட்டால் மெஷின் அதைப் படிக்காது, தாண்டிப் போய்விடும். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் அப்படி ஒரு குறிப்பில் மதினி நின்றுவிட்டாள். அத்தைக்குக் கை நடுக்கம், அரைக் குடத்துக்கு மேல் தூக்க முடியாது, நாலு நடை கூட நடக்கணும், தெற்குத் தெருவை மூடுவதற்கு முன்னால் ஆறு நிமிஷம் கூட விடு.

அத்தை என்றால் மதினியின் அம்மா. மதினி எழுதிய வட்டத்தில் தெற்குத் தெருவுக்கும் நாற்பது நிமிஷம்தான்.

“எங்கம்மாவுக்குக் கை நடுங்குறது எனக்கே ஊருக்கு வந்துதான் தெரியும்,” என்றாள் மதினி. “நீ எழுதியே வச்சிருக்க.”

நன்றி சொல்கிற குரல் இல்லை அது. ஒரு பொருளைத் திருட்டுக் கொடுத்தவள் குரல். பேச்சிக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும், பன்னிரண்டு வருஷம் அவள் தனக்குள்ளேயே கேட்ட குரல். மதினி தன்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள் என்று புரிந்தபோது பேச்சி காலுக்கடியில் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள், சிரிப்பு வந்துவிட்டது, அதைக் காட்டக்கூடாது.

அறுபதாம் நாள் மன்றம் கூடி, ஐந்து நிமிஷத்தில் பேச்சியினுடையதே இருக்கட்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பாராட்டவில்லை. மேட்டுத்தெரு உறுப்பினர் தங்களுக்கு இன்னும் மூன்று நிமிஷம் கூட வேண்டும் என்று சண்டையை ஆரம்பித்தார். மற்றதை அழித்துவிடச் சொன்னார்கள், அழிக்கிற வேலையும் பேச்சிக்கே வந்தது.

பேச்சி உட்கார்ந்து பத்தொன்பது வரியையும் எடுத்துத் தன்னுடைய முதல் வரிக்கும் மேலே வைத்தாள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒற்றைக் கோடு போட்டாள், பத்தொன்பது கோடு. மெஷினுக்கு இனி அது இல்லை. மெஷின் அதைத் தாண்டித்தான் தெருக்களைத் திறக்கப் போகும், தண்ணீருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒட்டுப்போட்ட வேட்டிக்கு மேலே யாரோ ஒரு முழம் பட்டுத் துணியைக் கொண்டுவந்து வைத்ததுபோல இருந்தது. சங்கரலிங்கம் எட்டிப் பார்த்து, வேலைக்கு ஆகாததை எதுக்கு வச்சிருக்க தாயி, எடுத்துப் போடு என்றார்.

“அதத் தொட்டா கைய ஒடிச்சிருவேன் மாமா.”

இப்போதும் தினமும் காலையில் அவள்தான் அதைத் திறக்கிறாள். மேலேயிருந்து பத்தொன்பது வரியையும் படிக்கிறாள், அவசரமில்லாமல், உலகத்தில் வேறு எதையும் அவள் அவசரமில்லாமல் படித்ததில்லை. தாகம் தீர்வதில்லை. இவள் எழுதியிருக்கிறாள் பார் என்று ஒவ்வொரு நாளும் வயிறு எரிகிறது, நேற்று எரிந்த அதே அளவுக்கு. ஒரு சொம்பு தண்ணீர் குடிக்கிறாள். அப்புறம் மேட்டுத்தெருவைத் திறக்கிறாள்.